தொலைவழி மருத்துவமும் மலைக்குடிகளும்



மூணாற்றுக்கு அப்பால் காட்டினுள் அமைந்த இடமலக்குடி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. நோயுற்ற முதுவரைத் தோளிற் சுமந்து காடு கடந்த காலம் அங்கே நெடிது. பாலக்காட்டு அட்டப்பாடியிலோ, 2013-இல் பச்சிளங் குழவிகள் அடுத்தடுத்து மாண்டமை நாட்டையே உலுக்கியது.

2019-இல் நடுவணரசு தொடங்கிய இ-சஞ்சீவனியால், துணைநிலையச் செவிலியர் தொலைவிலுள்ள மருத்துவரைத் திரையிற் கண்டு யோசனை கேட்கலாம். நல்ல ஏற்பாடே. ஆயினும் அலைபேசி அலை எட்டாத குடியில் ஆஷா ஊழியரின் கால்களே தந்திக்கம்பி!

மற்றொன்று. முதுவர், இருளர் பேச்சு தமிழுக்கு மிக அணுக்கமானது. 'அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது' என்று கர்ப்பிணி சொன்னால், திரையிலுள்ள மருத்துவருக்கு அக்கணமே விளங்க வேண்டாமா? மருத்துவம் பயின்ற நம் பிள்ளைகள் திங்களுக்கொரு மாலையேனும் இப்பணிக்கு ஒதுக்குவரா என்று கேட்கவே எழுந்தோம்.