குடிபுகுந்த பின்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டின் அருமையும் செலவும் செய்து பார்த்தவர்களுக்கே விளங்கும் என்பது கருத்து. ஆனால் அந்தப் பழமொழி கிருகப்பிரவேசத்தோடு நின்றுவிடுகிறது. பால் காய்ச்சி, வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பிய மறுநாள் முதல் அந்த வீடு என்ன செலவு கேட்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த மறுநாளைப் பற்றித்தான்.

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு நிம்மதி உண்டு. அதை நிம்மதி என்று அவர் உணர்வதில்லை. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் சொல்கிறார். கூரை கசிந்தால் அவரிடமே முறையிடுகிறார். மோட்டார் நின்றுவிட்டால் அவரையே கோபித்துக்கொள்கிறார். மாத வாடகை என்னும் ஒரே தொகைக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கின்றன. சொந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அவர்தாம் வீட்டுக்காரர். இனி முறையிட வேறு ஆள் இல்லை. வாடகை மிச்சமாகிறது என்று மகிழ்கிறவர், அந்த வாடகை இதுவரை எவ்வெவற்றைச் சுமந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் கடனை எடுத்துக்கொள்வோம். முப்பது லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டுக் காலம், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். இத்தொகை கடைசிவரை மாறாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக்குக் கொடுக்கப்படுபவை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் ஏறினால் அவற்றின் வட்டியும் ஏறும். 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த அந்த விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆயிற்று. நாம் சொன்ன கடனுக்கும் அதே இரண்டரை சதவீதம் ஏறி, வட்டி 9.5 ஆனால், தவணை ஏறத்தாழ 27,960 ரூபாயாகிவிடும். மாதம் 4,700 ரூபாய் கூடுதல்!

“நான் பழைய தொகையையே கட்டுகிறேன், காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாமே என்று தோன்றும். கடன் புதிதாக இருக்கும்போது 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். கட்டும் 23,260 ரூபாய் வட்டிக்கே காணாது. அசல் தேய்வதற்குப் பதிலாக வளரும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. அந்த வாய்ப்பை அறிவோடு பயன்படுத்த இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025-இல் விகிதம் பலமுறை குறைக்கப்பட்டது உண்மைதான். இறங்கியது மறுபடி ஏறவும் கூடும். 20 ஆண்டு என்பது நீண்ட காலம்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கும் அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கும் கட்ட வேண்டியது. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. இந்த வரியும் நிலையானதன்று. 2022-இல் இது உயர்ந்தபோது, சிறிய வீடுகளுக்குக் குறைந்த விகிதத்திலும் பெரிய வீடுகளுக்குக் கூடிய விகிதத்திலும் உயர்ந்தது. ஆகவே எத்தனை சதுர அடி வேண்டும் என்று தீர்மானிக்கும்போதே, அந்த அடிகளுக்கு ஆண்டுதோறும் வரி உண்டு என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

வரியாவது நாள் குறித்து வருகிறது. நாள் குறிக்காமல் வரும் செலவு மழையினுடையது. சென்னைப் பட்டினத்தின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்கிறது. மொட்டைமாடியின் வடிகுழாயில் உதிர்ந்த இலை அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தால், அதன் வேர் தண்ணீருக்கு வழி காட்டும். உள்ளே இறங்கிய ஈரம் காரைக்குள் இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் அது முன்னிருந்ததைவிடப் பருத்துவிடும். பருக்கும் துரு, சுற்றியுள்ள காரையைப் பிளந்து தள்ளும். கடற்காற்றின் உப்பு இந்த வேலையை இன்னும் விரைவாக்குகிறது. சில நூறு ரூபாயில் அடைத்திருக்கக்கூடிய விரிசல், சில ஆண்டுகளில் பல்லாயிரம் ரூபாய் கேட்பது இப்படித்தான். நம் ஊர்களில் மராமத்துக்கு உரிய மாதங்கள் ஆவணியும் புரட்டாசியும். ஐப்பசியில் கொத்தனாரைத் தேடுவதில் பயனில்லை.

மழை மிகுந்தாலும் செலவு, பொய்த்தாலும் செலவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து மோட்டாரும் கீழ்த்தொட்டியும் சேற்றில் மூழ்கிய வீடுகள் பல. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அதே நகரத்தில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் காத்திருந்தார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்புத் தொட்டியும் ஆண்டுக்கு ஒருமுறை தூர் எடுத்தால்தான் வேலை செய்யும். எடுக்காவிட்டால் அது வெறும் மண் நிரம்பிய குழி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கவலைகள் இல்லை என்று எண்ண வேண்டாம். அங்கே அவை பொதுச் செலவாகி, சதுர அடிக் கணக்கில் மாதந்தோறும் வருகின்றன. மின்தூக்கி, காவலாளி, பொது மோட்டார் எல்லாம் அதில் சேரும். வாங்குமுன், அந்தக் கட்டணம் எவ்வளவு, முன்னவர் வைத்த பாக்கி உண்டா, பெரிய மராமத்துக்கென்று சங்கத்தில் சேமநிதி இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். சேமநிதி இல்லாத கட்டடத்தில், சாயம் பூசும் ஆண்டு வந்தால் ஒரே தவணையில் பெருந்தொகை கேட்பார்கள்.

இவ்வளவும் கேட்டு நேயர்கள் மலைத்துவிட வேண்டாம். இச்செலவுகளின் கொடுமை அவற்றின் அளவில் இல்லை. அவை சொல்லாமல் வருவதில்தான் இருக்கிறது. ஆகையால் நான் சொல்ல விரும்பும் வழி ஒன்றே: பல ஆண்டுக்கு ஒருமுறை வருவதை மாதக் கணக்காக்கிவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, எண்ணூறு சதுர அடியில் ஒரு தனி வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், முறைதான் முக்கியம். வரிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்றால் மாதம் 500. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சாயம் பூச 72,000 என்றால் மாதம் 1,000. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாடித் தளத்தைச் செப்பனிட 60,000 என்றால் மாதம் 500. ஐந்து ஆண்டுக்கு ஒரு மோட்டார், 12,000 என்றால் மாதம் 200. தொட்டிகளைத் துப்புரவு செய்ய ஆண்டுக்கு 6,000, அதாவது மாதம் 500. குழாய், மின்சாரம், தச்சு என்னும் சில்லறை வேலைகளுக்கு மாதம் 500. வீட்டுக்குக் காப்பீடு ஆண்டுக்கு 2,400 என்றால் மாதம் 200. கூட்டினால் 3,400 ரூபாய். வீட்டின் உண்மையான மாதச் செலவு 23,260 அன்று, 26,660. இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டவர், கடன் வாங்கும்போதே ஓர் அறையைக் குறைத்துக்கொள்ளக்கூடும். தெரியாதவர் குடிபுகுந்த பிறகு சாப்பாட்டையோ பிள்ளைகளின் படிப்பையோ குறைக்க நேரிடும்.

இந்த 3,400 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். வரி, துப்புரவு, சில்லறை வேலை, காப்பீடு ஆகியவற்றுக்குரிய 1,700 ரூபாய் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஆண்டுக்குள்ளேயே எடுக்க வேண்டியிருக்கும். சாயம், மாடித் தளம், மோட்டார் ஆகியவற்றுக்குரிய 1,700 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம். அது ஐந்தாண்டுத் திட்டம். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். மாதம் 1,700 வீதம் ஐந்தாண்டில், வட்டி நீங்கலாகவே, 1,02,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

இன்னும் வீடு வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்குமுன் ஆறு மாதம், வாங்கிவிட்டதாகவே பாவித்து வாழ்ந்து பாருங்கள். இப்போது வாடகை 12,000 என்றால், 26,660-இல் மீதமுள்ள 14,660 ரூபாயை மாதந்தோறும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ஆறு மாதம் தடையின்றி முடிந்தால், அந்தக் கடனை உங்கள் குடும்பம் தாங்கும். கையில் ஏறத்தாழ 88,000 ரூபாய் முதல் நிதியும் இருக்கும். மூன்றாம் மாதமே முடியவில்லை என்றால், சிறிய கடனோ சில ஆண்டுப் பொறுமையோ வேண்டும் என்று அறிந்துகொள்வீர்கள். பத்திரம் பதிவான பிறகு அறிவதைவிட இப்போது அறிவது மலிவு.

இந்தக் கணக்கை வீட்டுத் தலைவர் மட்டும் மனத்தில் வைத்திருப்பது போதாது. ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய வாரத்திலேயே மோட்டார் எரிந்துபோனால், நம் குடும்பங்களில் முதலில் அடகுக்குப் போவது மனைவியின் வளையல். அவரைக் கேட்காமல் போட்ட கணக்கின் பிழையை அவருடைய கையே சுமக்கிறது. எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். மாடியில் எப்போது தளம் போட்டோம், தொட்டியை எப்போது கழுவினோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

கடன் 20 ஆண்டில் தீர்ந்துவிடும். வீடு அதற்குமேலும் நிற்க வேண்டியது. கடைசித் தவணையைக் கட்டிப் பத்திரத்தை வாங்கி வரும் நாளில், கூரை கசிந்து கம்பி தெரியும் வீட்டுக்குத் திரும்புவதா, பிள்ளைகளிடம் நம்பி ஒப்படைக்கத்தக்க வீட்டுக்குத் திரும்புவதா என்பதை, மாதந்தோறும் ஒதுக்கும் அந்தச் சிறு தொகைதான் முடிவு செய்கிறது.