பதிப்புரிமையும் நாட்டு வளமும்



நம் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் பாரதியார் கவிதைகள் மலிவு விலையில் கிடைக்கக் காரணம் யாது? தனியாரிடம் இருந்த உரிமையைச் சென்னை அரசு 1949-இல் ஏற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியதேயாம்.

எனில், எல்லா நூல்களையும் பொதுவாக்கிவிடலாமா? அமெரிக்கா 1891 வரை அயல்நாட்டு ஆசிரியர்க்குப் பதிப்புரிமை தரவில்லை. ஆங்கில நூல்கள் அங்கே மலிந்தன, கல்வி பரவிற்று. ஆனால் அம்மலிவோடு போட்டியிட இயலாமல் உள்நாட்டு எழுத்தாளர் நலிந்தனர். அவர்களே சட்டம் வேண்டினர்.

நமது 1957-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றுள்ளபடி, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுவரை உரிமை காக்கிறது. கற்பித்தலுக்கு விலக்கும் அளிக்கிறது.

விதைநெல்லை உண்டுவிட்டால் அடுத்த போகமில்லை. களஞ்சியம் முழுவதையும் பூட்டிவைத்தால் இன்றைய பசி தீராது. எழுதுவோர் ஊதியம் விதைநெல். நீங்கள் கற்கும் நூல் உணவு. இரண்டையும் பேணும் நாடே வளரும்.