புகார் சொல்ல ஓர் இடம்



ராஜஸ்தானில் பட்டேரி என்று ஒரு சிற்றூர். அங்கே பன்வாரி தேவி அரசுத் திட்டம் ஒன்றில் ஊழியராக இருந்தார். குழந்தைத் திருமணம் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்வார். அதுதான் அவர் வேலை. 1992-இல் ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அதனால் கோபமடைந்த ஆட்கள் வயலுக்கு வந்து கணவரை அடித்தார்கள், தன்னைப் பலாத்காரம் செய்தார்கள் என்று புகார் கொடுத்தார். 1995-இல் கீழ்க்கோர்ட்டு பலாத்காரக் குற்றத்திலிருந்து அவர்களை விடுவித்தது.

வேலை பார்த்ததால்தானே இந்தக் கேடு? அப்படியானால் காப்பது யார் பொறுப்பு? பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. வேலை கொடுப்பவர்தான் பொறுப்பு என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின! 2013-இல்தான் வந்தது.

ஆலையோ பள்ளிக்கூடமோ, 10 பேர் வேலை செய்தால் அங்கே புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுவேலை செய்பவருக்கு மாவட்டத்தில் ஒரு குழு உண்டு.

வேலை கொடுப்பவர் பயிற்சியும் நடத்த வேண்டும். தொடுவது மட்டுமல்ல, ஆபாசப் பேச்சும் தொல்லைதான். "சும்மா விளையாட்டுக்கு" என்பார்கள் சிலர். பயிற்சி முதலில் அவர்களுக்குத்தான் தேவை.

3 மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும்.