அன்பு என்னும் சொல்



திருக்குடமுழுக்கு நன்னாளில் எங்கும் ஒலிக்கும் சொல் அன்பு. திருப்பணிக்குப் பொருள் ஈந்தார் அன்பர். அவர் ஈந்தது அன்பளிப்பு. வந்து தொழுவார் மெய்யன்பர். இத்துணைப் பேர்க்கும் பொதுவாய் நிற்கும் சொல்லின் பொருளை ஒருகால் எண்ணிப் பார்த்தல் தகும்.

பண்டைத் தமிழர் கைக்கு எட்டும் பொருள்களின் பெயராலேயே அன்பைச் சுட்டினர். ஈரம் என்பது நனைவு, அன்பும் ஆம். நார் என்பது பூத்தொடுக்கும் நார், அன்பும் ஆம். நேயம் என்பது எண்ணெய்ப் பசையையும் குறிக்கும், அதுவும் அன்பே. காதலன் என்னும் சொல் பழைய நூல்களில் மகனையும் குறிக்கும். இக்காலத்தார் அப்பொருளை மறந்தனர். காமம் என்னும் சொல்லோ இன்னும் இரங்கத்தக்கது. வள்ளுவனார் நூலின் ஒரு பாலுக்கே பெயராய் நின்ற அச்சொல்லை இன்று அவையில் எடுத்துரைக்கவும் நாணுகின்றனர்! சொற்களுக்கும் ஊழ் உண்டு போலும்.

அன்பு, அருள் என்னும் இரண்டின் வேற்றுமை மிக நுண்ணியது. திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறத்தின் பாற்பட்டது. அருளுடைமை 25ஆம் அதிகாரம்; துறவறத்தின் பாற்பட்டது. மனைவி, மக்கள் முதலிய தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டினார்.

இங்கே ஓர் ஐயம் எழும். தொடர்புடையார்பால் செல்வதே அன்பாயின், சொல்லும் மனமும் கடந்து நிற்கும் இறைவன்பால் அன்பு செல்வது எங்ஙனம்? ஆன்றோர் அச்சொல்லை நெகிழ்த்து வழங்கினரோ? அன்று. சிவபெருமான் உயிருக்கு அயலான் அல்லன் என்பதே சைவத்தின் துணிபு. கண்ணோடு கலந்து நின்று காட்டும் உயிர்போல, உயிரோடு கலந்து நின்று காட்டுபவன் அவன். அதனாலன்றோ சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர், மறவாத அன்பினாலே அரன் திருவடியை அடையலாம் என்றார்! நாவுக்கரசர் அடிமையாயும், ஞானசம்பந்தர் மகனாயும், சுந்தரர் தோழராயும் அவனைச் சார்ந்தனர் என்பது வழிவழி வந்த கொள்கை. எல்லாம் தொடர்பே. ஆதலின் அன்பு என்னும் வீட்டுச் சொல்லே கோயிலுக்கும் உரியதாயிற்று.

இனி, அச்சொல்லை இறைவன் யாருக்கு வழங்கினான் என்பதைப் பெரியபுராணத்துட் காணலாம். காஞ்சியிலே காடவர் கோமான் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்து, இறைவனை எழுந்தருளச் செய்ய நாளும் குறித்தான். அதற்கு முன்னிரவில் கனவில் தோன்றிய பெருமான், நின்றவூர்ப் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து சமைத்த ஆலயத்துள் நாளை புகவிருப்பதால், அரசன் தன் செயலைப் பின்னொரு நாளிற் கொள்க என்று அருளினான். அன்பன் என்பதே அங்குச் சேக்கிழார் வைத்த சொல்.

அரசன் நின்றவூர் சென்று, பூசலார் எடுத்த கோயில் எங்கே என வினவினான். அப்படி ஒரு கோயில் இவ்வூரில் இல்லை என்றனர் ஊரார். பூசலாரைத் தன்பால் அழைப்பிக்கவும் அவன் உடன்படவில்லை. தானே அவரிடம் நடந்தான். பொருள் தேடி எங்கும் பெறாமையால், அடிநிலை முதல் சிகரம் வரை, கிணறும் மதிலும் குளமும் உட்பட, மனத்தினாலேயே சமைத்த கோயில் அது என்பதை அவர் வாய்மொழியாலே உணர்ந்தான்.

இக்கதையைச் சொல்வோர் அரசனைச் சிறுமைப்படுத்திப் பேசுவது வழக்கம். அது பிழை. பெருமான் கற்றளியை வேண்டாம் என்றானல்லன். நாளைத்தான் மாற்றச் சொன்னான். உலகம் காணாத கோயிலைத் தேடி மண்ணாள்வோன் ஒருவன் காஞ்சியினின்றும் வந்தானே, அதுவும் அன்பின் வேறொரு வடிவம் அன்றோ? நாட்குறித்து ஆயத்தமான விழாவை நிறுத்திவிட்டு வருதல் எளிதோ? திருப்பணிச் செல்வர்கள் அதன் அருமையை நன்கு அறிவர்.

அரசன் பூசலாரை நிலமுற வணங்கித் தன் நகர்க்கு மீண்டான். அவரோ, தம்மையும் ஒரு பொருளாகக் கருதிப் பெருமான் அருளினானே என்று உருகி, குறித்த நல்வேளையில் இறைவனை உள்ளத்துள் எழுந்தருளச் செய்து, பூசனைகள் எல்லாம் பொருந்தப் பன்னாள் புரிந்திருந்தார்.