இரண்டு ஊர், 18 மணி நேரம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவத்தைப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். ஒரே ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2019 ஜூலை. சிங்கப்பூரில் குடியிருக்கும் நான் வேலை நிமித்தம் நியூயார்க் போயிருந்தேன். விடியற்காலை 4 மணிக்கு மாமியாரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். 3 வாரம் முன்னாடியே வலி வந்துடுச்சு. உடனே கிளம்பி வாங்க." அங்கே அப்போது மாலை 4 மணி. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். கடிகார முள் ஒரே இடத்தில்தான். பகல் இரவுதான் வேறு.

நேரடி விமானத்தில் இடம் கிடைத்தது என் பாக்கியம். 2004-இல் தொடங்கி, 2013-இல் நின்றுபோய், 2018 அக்டோபரில் மறுபடி வந்த சேவை அது. பழைய விமானத்துக்கு 4 எஞ்சின். எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. புதிய ஏர்பஸ் ஏ350-க்கு 2 எஞ்சின் போதும்.

உட்கார்ந்து என்ன செய்வது? கணக்குப் போட்டேன். சர்வேயிங் வகுப்பில் சார் உலக உருண்டையில் நூலைப் பிடித்துக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி. கூட்டினால் 178. ஏறக்குறைய உலகத்தின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் இழுத்துப் பிடித்த நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். துருவத்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 89 டிகிரி, நியூயார்க் 49. மொத்தம் 138. டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் சுமார் 15,300 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. போனால் 17 மணி நேரம். ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்தால் 18-ஐத் தாண்டும்.

ஆனால் விமானம் நூலை மட்டும் பார்த்துப் போவதில்லை, காற்றையும் பார்க்கிறது. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஆகவே நியூயார்க் போகும்போது பசிபிக் வழி; திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக் வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே, நடுவானில், போனில் செய்தி வந்தது: "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நலம்." பக்கத்து இருக்கைக்காரர் கை குலுக்கினார். திரையைப் பார்த்தேன், தரையிறங்க இன்னும் 7 மணி நேரம். செய்தி வர ஒரு நொடி. அப்பன் போய்ச் சேர 7 மணி!

போன் வந்ததிலிருந்து மகளைக் கையில் வாங்கும்வரை 26 மணி நேரம். அதில் விமானம் எடுத்துக்கொண்டது 18 சொச்சம்தான்.

தம்பி தங்கைகளே, தூர தேச வேலைக்குக் கையெழுத்துப் போடும்போது சம்பளத்தோடு இன்னொரு எண்ணையும் பாருங்கள்: அங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கு எத்தனை மணி நேரம்? போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.