இரண்டு திர்ஹம்களும் ஒரு கோடரியும்

(காஞ்சிபுரம் மாவட்டம் ஐயம்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

  

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்து, பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. அண்மையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் கூலித் தறியில் நெய்பவர். மகன் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறான். சென்னையில் ஒரு கடையில் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, முதல் மாதத்திலிருந்தே சம்பளமும் தருவதாக அழைக்கிறார்கள். மகனோ அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விரும்புகிறான். "படிக்க வையுங்கள்" என்றேன். அந்தத் தாய் கேட்டார்: "ரெண்டு வருஷம் படிக்கட்டும் ஹஜ்ரத், வேண்டாம்னு சொல்லல. அந்த ரெண்டு வருஷம் எங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?"

"பொறுமையாக இருங்கள், அல்லாஹ் வழிகாட்டுவான்" என்று கூறி அனுப்பிவிட்டேன். சகோதரர்களே, அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. பொறுமையை உபதேசிப்பது எளிது. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் வறுமையோடு வந்த ஒருவருக்குப் பொறுமையை மட்டுமா உபதேசித்தார்கள்?

ஏந்திய கையில் கோடரி

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. அன்சாரிகளில் ஒருவர் நபியவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். வீட்டில் எதுவுமே இல்லையா என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு மரக் கிண்ணமும் உண்டு என்றார் அவர். அவ்விரண்டையும் வரவழைத்து, தோழர்கள் முன்னிலையில் நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். இதற்கு மேல் தருவோர் உண்டா என நபியவர்கள் மீண்டும் மீண்டும் கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம்களுக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹம்களையும் அன்சாரியிடம் கொடுத்து, ஒன்றுக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் சேர்க்கும்படியும், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரும்படியும் பணித்தார்கள். கோடரி வந்ததும் தம் புனிதக் கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படலாகாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம்கள் சம்பாதித்துத் திரும்பி வந்தார். துணியும் உணவும் வாங்கிக்கொண்டார். மறுமை நாளில் யாசகத்தின் வடு முகத்தில் தெரிய நிற்பதைவிட இதுவே மேலானது என்று நபியவர்கள் நவின்றார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் நம்மில் பலரும் கோடரியைச் சொல்லி முடித்துவிடுகிறோம். உழைப்பின் மேன்மையைப் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறோம். ஆனால் நபியவர்கள் முதலில் சொன்னது கோடரியை அல்ல, குடும்பத்தின் உணவை! வீட்டில் பசி இருக்கும்வரை ஒருவனால் நிம்மதியாகக் கோடரி பிடிக்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தத் தாயின் கேள்விக்குரிய பதில் அந்த முதல் திர்ஹமில் இருக்கிறது.

இரண்டாவது திர்ஹம்: கோடரிக்கான பணம்

கோடரிக்கான திர்ஹமை இன்று பெருமளவுக்கு அரசே தருகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இழப்பது நம் குறை.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் 2005ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழு 2006 நவம்பரில் வெளியான தன் அறிக்கையில், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று எடுத்துரைத்தது. அது நாடு முழுவதற்குமான கணக்கு. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவோ 82.9 விழுக்காடு. அல்ஹம்துலில்லாஹ்! நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி வாசலைக் கடந்த பிறகு, தொழிலின் வாசலை அடைவதற்கு முன்தான் அவர்களைத் தொலைத்துவிடுகிறோம்.

அந்த இடைவெளியைக் கடக்க என்னென்ன உதவிகள் உள்ளன? அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டணமில்லாப் பயிற்சியும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் வழங்கப்படுகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டப்படிப்புக்கு மட்டுமன்றி, பட்டயப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் இத்தொகை உண்டு. மாணவர்களின் திறனை வளர்க்கும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்டது.

தமிழகத்தின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தில், வாலாஜாபாத்திலிருந்து நேர்சாலையில் இருக்கும் ஒரகடம் நிலையமும் ஒன்று. நம் ஊரின் வழியே அதிகாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நாம், அதே திசையில் பயிற்சி நிலையம் இருப்பதைப் பார்ப்பதில்லை!

பயிற்சி முடித்தவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உள்ளது. முப்பதும் அதற்கு மேற்பட்டும் ஆட்கள் பணியாற்றும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். அவர்களுக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை 2019ஆம் ஆண்டில் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என நிர்ணயிக்கப்பட்டது. சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும்; மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக, வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் வங்கிக் கடனோடு 25 விழுக்காடு மானியம் கிடைக்கும். 1999இல் தொடங்கப்பட்ட சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கல்விக்கும் தொழிலுக்கும் கடன் வழங்கி வருகிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் தரும் உதவித்தொகையும் உண்டு. தேவையுள்ளவர் அதைப் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து பெறும் தொகைக்கும், இரண்டு ஆண்டுகள் கற்றுப் பெறும் கைத்திறனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

முன்பணம் என்னும் விலங்கு

இந்த மண்ணுக்கு இன்னொரு வகைப் பணமும் தெரியும். பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வை வேலைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டார்கள். தந்தை வாங்கிய முன்பணத்துக்காக மகன் தறியோடு கட்டுண்டு கிடந்தான். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் இது நீடித்ததை 2003இல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எடுத்துக்காட்டியது.

முன்பணமும் ஏழையின் வீட்டுக்கு வரும் பணம்தான். உதவித்தொகையும் ஏழையின் வீட்டுக்கு வரும் பணம்தான். முன்னது பிள்ளையின் நாளைய நாட்களை விலைக்கு வாங்குகிறது. பின்னது அந்த நாட்களைப் பிள்ளையிடமே திருப்பித் தருகிறது. கடைச் சம்பளத்துக்கு அவசரப்படும் பெற்றோரே, உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பதினாறு வயதில் கிடைக்கும் முதல் சம்பளம் பெரிதாகத் தோன்றும். முப்பது வயதிலும் அதே வேலையில் நிற்கும்போதுதான் அதன் சிறுமை புரியும்.

தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறக்கப்பட்ட நோக்கியா தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நிறுவனம் போகலாம், இயந்திரம் மாறலாம். கற்ற தொழில் கையோடு இருக்கும். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்றும், நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்றும் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன.

நம் பெண்மக்களையும் மறந்துவிடக் கூடாது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தார்கள். கைத்தொழில் கற்பது நம் பெண்மக்களுக்கும் கண்ணியமே.

முதல் திர்ஹம்: நம் பொறுப்பு

கோடரிக்கு வழி இருக்கிறது. ஆனால் 750 ரூபாயில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. அந்த முதல் திர்ஹமை யார் தருவது?

சகோதரர்களே! அது நம் ஜகாத்தில் இருக்கிறது. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் ஏழைகளையும் வறியோரையும் முதலில் வைத்த இறைவன், கடனாளிகளையும் அதில் சேர்த்திருக்கிறான். தொழில் தெரிந்தவருக்கு அவரது தொழிற்கருவி வாங்குமளவு, அதன் விலை குறைவானாலும் அதிகமானாலும், ஜகாத் வழங்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் விளக்குகிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் பொருளை உரியவருக்கு உடைமையாக்கிவிட வேண்டும். ஆகவே பணத்தை அக்குடும்பத்தின் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

ரமளானில் நூறு பேருக்குச் சில்லறையாகப் பங்கிடுகிறோம். மறு ரமளானில் அதே நூறு பேர் அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஐந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளை பயிற்சி பெறும் இரண்டு ஆண்டுகளுக்கு மாதந்தோறும் அரிசியும் செலவுத் தொகையும் கொடுத்தால், மூன்றாம் ஆண்டில் அந்த வரிசையில் ஐந்து குடும்பங்கள் குறையும். இன்ஷா அல்லாஹ், அவர்களே ஜகாத் கொடுக்கும் நாளும் வரும்!

நாம் திரட்டினால் அரசும் கைகொடுக்கும் என்பதற்கு முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமே சான்று. மாவட்டம்தோறும் அமைந்த அச்சங்கங்கள் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் வழங்கி வருகிறது. நாம் எதுவும் திரட்டவில்லை என்றால், இணையாகத் தருவதற்கு அங்கே என்ன இருக்கும்?

காம்பு பொருத்திய கரம்

பணத்தோடு நபியவர்கள் நிற்கவில்லை. காம்பைத் தம் கையாலேயே பொருத்தினார்கள். காம்பில்லாத கோடரியால் விறகு பிளக்க முடியாது. நம் வீடுகளில் பல கோடரிகள் காம்பின்றிக் கிடக்கின்றன! வருமானச் சான்று வாங்கத் தெரியாமல், விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் ஓராண்டை இழக்கிறார்கள்? 2007ஆம் ஆண்டு முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருந்தும், அதற்குரிய சாதிச் சான்றைக் கையில் வைத்திராத வீடுகள் உண்டு.

ஆகவே ஜமாஅத்தாருக்கு என் பணிவான வேண்டுகோள்: ஜும்ஆ முடிந்ததும் ஒரு மணி நேரம், பட்டம் பெற்ற இளைஞர் இருவர் இப்பள்ளிவாசலில் அமரட்டும். சான்றிதழ், விண்ணப்பம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உதவட்டும். சகோதரச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் அவ்வாறே உதவட்டும். பக்கத்துத் தறியின் வறுமைக்கும் நம் வறுமைக்கும் நிறம் ஒன்றே.

அமானிதம் பேணுவோம்

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையில், ஆய்வுக்குட்பட்ட 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை என்று கண்டறியப்பட்டதாக 2023இல் வெளியான செய்தி நம்மைத் தலைகுனியச் செய்தது. சிறுபான்மையினர் நல அமைச்சகமே அதை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. பொய்யான பெயரில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் உண்மையான ஓர் ஏழை மாணவனின் கோடரி அல்லவா?

வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று வாங்குவதும், பெயரைப் பதிந்துவிட்டுப் பயிற்சிக்குப் போகாதிருப்பதும் அமானித மோசடியே. நபி மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்தப் பரிந்துரைத்த பெண், வலிமையையும் நம்பகத்தன்மையையும் சேர்த்தே சொன்னதாகத் திருமறை எடுத்துரைக்கிறது. திறமையைப் பயிற்சி நிலையம் தரும்; நம்பகத்தன்மையை நாம்தான் வீட்டில் தர வேண்டும். இளைஞர்களே! அந்த அன்சாரித் தோழர் பதினைந்து நாட்கள் கழித்துத் திரும்பி வந்து கணக்குச் சொன்னார். நீங்களும் கணக்குச் சொல்லும் நாள் உண்டு.

அந்தத் தாயிடம் இந்த வாரம் மீண்டும் செல்லவிருக்கிறேன். இம்முறை வெறும் உபதேசத்தோடு செல்ல விரும்பவில்லை. தொழுகை முடிந்ததும் முத்தவல்லி அவர்களும் நிர்வாகிகளும் சற்று நேரம் அமருங்கள். அந்த வீட்டு அடுப்புக்கு இரண்டு ஆண்டுகள் என்ன தேவை என்று கணக்கிட்டு எழுதுவோம். எழுதிய பிறகே கலைந்து செல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கைகளுக்குத் தொழிலையும், உள்ளங்களுக்கு நேர்மையையும், எங்கள் வீடுகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வாயாக! பிறரிடம் கையேந்தும் நிலையிலிருந்து எங்கள் சந்ததியைக் காத்தருள்வாயாக! ஆமீன்.