ஜிஎஸ்டி ரோட்டுல பாட்டு யார் கையில?

ஜிஎஸ்டின்னு சொன்னதும் உங்களுக்கு வரி ஞாபகம் வந்தா, நீங்க நம்ம ஏரியா இல்ல. நமக்கு அது ரோடு. கத்திபாராவுல ஆரம்பிச்சு பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னு தெற்கே போற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. ரொம்ப வருஷம் அதுக்கு என்எச் 45னு பேரு.

இந்த ரோட்டுல யார் வண்டியோ, அவங்க பாட்டு. 1972ல பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சிட்டி பஸ் அரசாங்கத்தோடது, பாட்டு கிடையாது. கோயம்புத்தூர்ல பாட்டுக்காகவே பஸ் பார்த்து ஏறுவாங்க. தாம்பரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. நமக்கு மிஞ்சினது ஷேர் ஆட்டோவும், ராத்திரி ஊருக்குப் போற ஆம்னி பஸ்ஸும்தான்.

எண்பதுகள்ல கேசட் பரவினப்போ, ரெக்கார்டிங் கடையில லிஸ்ட் எழுதிக் குடுத்தா பதிஞ்சு தருவாங்க. 90 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிஷம், சுமாரா பத்துப் பாட்டு. (என்எச் 45ல பக்கத்துக்கு 45! சும்மா தோணுச்சு.) அதுல பெரும்பாலும் இளையராஜா. மெப்ஸ் மாதிரி இடங்களுக்கு வேலைக்கு வந்து, பொங்கலுக்கு மதுரைக்கும் நெல்லைக்கும் திரும்பினவங்களுக்கு, ஊர் பெருங்களத்தூர்லயே ஆரம்பிச்சிடும்.

ஆனா ஒரு இன்ஜினியரா பார்த்தா, இந்த சிஸ்டத்தோட யூசர் பயணி இல்லைங்க. டிரைவர். ஒரு டிரைவர் அண்ணன் எங்கிட்ட சொன்னார்: "மெலடி போட்டா தூக்கம் வரும்னு நினைக்காதீங்க தம்பி. தெரிஞ்ச பாட்டா இருந்தா வாய் கூடவே பாடும், கண்ணு மூடாது." அந்தக் கேசட் விடியற்காலை மூணு மணிக்காகத் தயாரானது. தலைக்கு மேலயே ஸ்பீக்கர் இருந்த சீட்ல உக்காந்தவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க. வீடியோ கோச்ல ராத்திரி முழுக்க சண்டைப் படம் பார்த்தவங்களும்தான்.

2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் திறந்தாங்க. இப்போ அங்கேர்ந்து கிளம்பற ஸ்லீப்பர் பஸ்ல முப்பது பேர், முப்பது இயர்போன். எனக்கும் அதுதான் வசதி, பொய் சொல்ல மாட்டேன். டிரைவரோட பாட்டு மட்டும் கேபின் கதவுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. பென் டிரைவ், சின்ன சத்தம், கூடப் பாட யாரும் இல்ல. விடியற்காலை மூணு மணி அவருக்கு மாறவே இல்ல.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ இயர்போனை ஒரு காதுலேர்ந்து கழட்டிப் பாருங்க. கேபின்ல என்ன பாட்டு ஓடுதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க.